சுருக்க வடிவம்

மார்ச் 3

அண்ணி,

நீங்கள் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத்தால், தப்பே செய்யாத ஒரு மனிதர் சிறையில் இருக்கிறார்.

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு ஒலிப்பதிவு வந்தது. அனுப்பியவர் இலவச சட்ட உதவி வக்கீல். இங்கே பதிவை மட்டும்தான் முதலில் கொடுப்பார்கள். அதை யார் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கண்ணில் காட்ட மாட்டார்கள். பார்த்துவிட்டால் காது அதையேதான் கேட்கும் என்பது எங்கள் தலைவியின் பிடிவாதம். இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து கேட்டு எழுதுவோம். இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதற்கப்புறம்தான், விசாரணைப் பதிவுகளைக் கேட்டு எழுதும் உங்கள் பதிவகம் கொடுத்த அதிகாரப்பூர்வப் பிரதியை உறையிலிருந்து எடுப்பார்கள்.

எடுத்தார்கள். அடியில் உங்கள் கையெழுத்து.

"இது எங்க அண்ணி" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். தலைவி என்னை வழக்கிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டார். அவர் எழுதியதும் நான் எழுதியது போலவே வந்தது. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்விட்டதால்தான் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை பதிவுகள்! ஒரு கிடங்கின் சரக்கு லிஃப்ட். அதன் கதவுப் பூட்டை யாரோ கம்பியால் கட்டி, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஓடுகிற மாதிரி செய்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவரின் கால் நசுங்கிப் போனது. லிஃப்ட்காரரைப் பிடித்து விசாரித்தார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

கேள்வி: பூட்டைக் கம்பி போட்டுக் கட்டினது நீங்கதானே?
பதில்: ஆமா சார், நான்தான்.

பதிவில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் "இல்ல சார்" என்கிறார். முதலாளியிடம் பூட்டு கெட்டுப்போனதைச் சொன்னேன் என்கிறார். சும்மா இருக்கிறார். அழுகிறார். கடைசியில்தான் அந்த 'ஆமா'. நீங்கள் கடைசியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் அறிக்கையை நீதிமன்றம் ஒரு கருத்தாகத்தான் பார்க்கும். பதிவகத்தின் பிரதிதான் அவர்களுக்கு வேதம். கையெழுத்துப் போட்டவரே திருத்தம் கொடுத்தால்தான் அது விலகும். மாதக் கடைசியில் விசாரணை.

போன் பண்ணித் தொலைக்கக் கூடாதா என்று அண்ணன் கேட்பான். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிய காதில் சாயங்காலம் போனை வைத்தால் எனக்குக் குமட்டுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரியும்.

நலமா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

இந்தப் பதிவக வேலையை விட்டு ஊரையும் விட்டுப் போன அன்று, "நீங்க ஒரு மெஷின் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் உன்னிடமிருந்து வரும் முதல் கடிதம் இது. இதிலும் நான் குற்றவாளி. பரவாயில்லை, உன் கையெழுத்து கொஞ்சம் தேறியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு சொல் தப்பில்லை. நான் எழுதியதில் ஒரு சொல்லைத் தப்பென்று இதுவரை எந்த வக்கீலும் காட்டியதில்லை.

விதி உனக்குத் தெரியாததா? வாக்குமூலங்கள் சுருக்க வடிவத்தில் போகும். இழுவை, இருமல், மௌனம் எதுவும் வராது. ஒரே கேள்வி திரும்ப வந்தால் ஒரு தடவை போட்டு, கடைசியாக வந்த பதிலை எழுத வேண்டும். ஏன்? ஒருத்தர் தடுமாறிப் பேசுவதை அப்படியே எழுதினால் படிக்கிறவர் அவரை முட்டாள் என்று நினைப்பார், பேசியவருக்கு அது அவமானம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். போதாததற்கு, இப்போது ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதுவே கேட்டு, அதுவே சுருக்கி, வரிசையாக அடுக்கித் தந்துவிடுகிறது. ஓசைக்கும் எழுத்துக்கும் பொருந்துகிறதா என்று நான் சரிபார்க்க வேண்டியதுதான். பொருந்தியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியாகிறது. என் பெயர் போயிருக்கிறது. மேலாளர் கத்திரியே சொன்னார். ஆமாம், நீ வைத்த பெயர்தான், இப்போது ஆபீஸ் முழுக்க அதுதான். நான் திருத்தம் கொடுத்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். புது வீட்டில் பால்கனி உண்டு. சாயங்காலம் அங்கே காலை நீட்டி உட்கார்ந்தால் யார் குரலும் காதில் விழாது. உன் அண்ணன் நீச்சல் கற்றுக்கொள்கிறார். குளத்தில் பாதி இப்போது அவர் வயிற்றில்தான் இருக்கிறது. உனக்கு ஒரு போர்வை எடுத்து வைத்திருக்கிறார். "குடுக்க ஒரு சாக்கு வேணும்ல" என்கிறார்.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணி,

போர்வையை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே குளிருகிறது.

அவமானம் என்றீர்கள். படித்ததும் சிரிப்புதான் வந்தது, பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தேன். என் அறையில் நடக்க இடம் குறைவு. கட்டிலைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

இதே வழக்கில் கிடங்கு முதலாளியையும் விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பிரதியும் உங்கள் பதிவகத்திலிருந்து வந்ததுதான், உங்கள் கையெழுத்து இல்லை. அது முழு வடிவம். அவர் கூடவே வக்கீல் இருந்தார், வக்கீல் முழு வடிவம் கேட்டார், கிடைத்தது. அதில் அவர் இருமுவது இருக்கிறது. "(தண்ணீர் குடிக்கிறார்)" என்று இருக்கிறது. "(யோசிக்கிறார்)" என்று இருக்கிறது. ஒரு இடத்தில் "(கண்ணாடியைத் துடைக்கிறார்)" என்றுகூட இருக்கிறது. கண்ணாடி துடைக்கிற சத்தத்தைக் காதால் கேட்டு எழுதிய அந்த மகராசன் யார்?

அவர் தடுமாறியது அவருக்கு அவமானமாக இல்லையா? இல்லை. தடுமாறினதால்தான் அவர் நிதானமான மனிதர் மாதிரி தெரிகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவருக்கு ஒரு மனசு இருக்கிறது. லிஃப்ட்காரருக்கு அது கிடையாது. கேட்டதும் டக்கென்று ஒப்புக்கொண்ட ஆள் அவர். காசு கொடுத்து வக்கீல் வைத்தவனுக்கு மூச்சைக்கூட எழுதுவீர்கள். மற்றவனுக்கு வாயை மட்டும் எழுதுவீர்கள். இதுதான் உங்கள் சுருக்க வடிவம்.

நேற்று லிஃப்ட்காரருடைய மனைவி அந்த இலவச வக்கீலோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தார். வழக்கு என்னிடம் இல்லை, அதனால் நான் வராந்தாவில் சும்மா நின்றேன். அவர்தான் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்களும் இங்கதான் வேலையாம்மா?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுக்காரர் கேட்டவுடனே ஒத்துக்கிட்டார்னு பேப்பர்ல இருக்காம். சாப்பிட வாங்கன்னாலே, சாதம் ஆறினப்புறம்தான் 'வரேன்'னு பதில் வரும் அவருகிட்டருந்து. அந்த மனுஷனா டக்குனு சொல்லியிருப்பாரு? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்க அப்பா கேட்டதுக்கு, பக்கத்து வீட்டு ஆளுங்கல்லாம் எழுந்து போனப்புறம் சொன்னவரு அவரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது ஏம்மா எழுதல?" என்று கேட்டார். என்ன சொல்வது? எங்கள் அண்ணிக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்றா?

நான் அங்கிருந்து வெளியேறியதே இதற்குத்தான். உங்களைப் புண்படுத்தவேண்டும் என்பதற்காக அல்ல. அந்த நாற்காலியில் இனி ஒரு நாள் உட்கார்ந்தாலும் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன் என்று பயந்து ஓடினேன். இப்போது நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள். கேட்காததை "கேட்கவில்லை" என்று எழுதினால் யாரும் திட்டுவதில்லை. சந்தோஷமாகத் தூங்குகிறேன்.

காகிதத்தை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை பதிவைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் பக்கம் சரி என்று தோன்றினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

நாத்தனார்


மார்ச் 22

வாயாடி,

கேட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் இறங்கிப் போனபிறகு, திரையை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டு முடித்ததும் சாப்பிடப் போகவில்லை. பழைய முறைப்படி, காலால் அழுத்தும் விசையை வைத்துப் பதிவை நிறுத்தி நிறுத்தி, முழுதாக எழுதினேன். மறுநாளும் எழுதினேன். என் ஒரு பக்கம் ஒரு கட்டாகிவிட்டது. கொஞ்சம் உனக்குக் காட்டுகிறேன். நீ எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்.

குரல் 1: பூட்டைக் கம்பி போட்டுக் கட்டினது நீங்கதானே?
(மௌனம். நாற்காலி நகரும் ஓசை.)
குரல் 2: இல்ல சார்.
குரல் 1: சரி. பூட்டைக் கம்பி போட்டுக் கட்டினது நீங்கதானே?
(நீண்ட மௌனம்.)
குரல் 2: பூட்டு போயிடுச்சுன்னு முதலாளிகிட்ட நான்தான் சார் சொன்னேன். மாத்தலாம்னாரு. அப்புறம் வந்து பாத்தா...
குரல் 1 (குறுக்கிட்டு): கேட்டதுக்கு மட்டும் பதில். பூட்டைக் கம்பி போட்டு...
குரல் 2 (அதே நேரத்தில்): இல்ல சார், இல்ல சார்.

அந்த விசாரிக்கிற ஆள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் விலை கேட்கிற குரலில் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். மென்பொருள் இதையெல்லாம் ஒரே வரியாக ஒட்டிக் கொடுத்தபோது நான் அந்த வரியை மட்டும் ஓட்டிப் பார்த்து, பொருந்துகிறது என்று டிக் அடித்திருக்கிறேன். முதலாளியிடம் சொன்னேன் என்று அவர் சொன்னது, திரும்ப வந்த கேள்விக்கு வந்த பதில் என்பதால் விழுந்துவிட்டது. பூட்டு கெட்டது முதலாளிக்கு முன்பே தெரியும் என்பதற்கு வழக்கில் இருந்த ஒரே சாட்சி அது. விதிப்படி விழுந்தது.

கத்திரியின் அறைக்குப் போனேன்.

"என்ன மேடம், ஸ்வீட் எங்க? பேரு போயிருக்கே" என்றார்.

"திருத்தம் ஒண்ணு குடுக்கணும் சார்."

வாங்கிப் பார்த்தார். "இதுல எந்தச் சொல் தப்பு?"

"சொல் எதுவும் தப்பில்ல சார். விட்டதுதான் தப்பு."

"விடச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார்."

"அதையும் எழுதுவீங்களா?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே சார். அங்க வேற என்ன எழுதறது?"

மனிதர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "உங்க நாத்தனார் காத்து அடிச்சிருச்சா?" என்றார். "அவ காத்தில்ல சார், புயல்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் வாங்கி முத்திரை குத்தினார். கையெழுத்துப் போட்டவர் கொடுக்கும் திருத்தத்தை மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, பாவம்.

அன்று மாலை பால்கனியில் உட்கார்ந்தபோது ஆச்சரியமாக இருந்தது: பயமே இல்லை. நன்றாகப் பசித்தது. உன் அண்ணன் சமைத்தார், நானே பாராட்டும்படி இருந்தது. போர்வை தனியே வருகிறது.

ஒன்று மட்டும். நான் உன் கோபத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. அந்தம்மா கேட்ட கேள்வி காதில் நின்றுவிட்டது.

உன் அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி! அண்ணி! அண்ணி!

ஜெயித்துவிட்டோம். விடுப்புப் போட்டு, ரயிலேறி, கிடங்கு இருக்கிற ஊருக்கே போய் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இலவச வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டில் ஒரு பித்தான் இல்லை. ஆனால் என்ன வாய்!

உங்கள் திருத்தத்தை வைத்தார். அரசு வக்கீல் எழுந்து, "பதில் ஒண்ணுதானே, நடுவுல எவ்வளவு நேரம் ஆனா என்ன?" என்றார். நீதிபதி அந்தம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஓட்டுங்க, கேட்போம்" என்றார்.

ஓட்டினார்கள். முதல் நீண்ட மௌனம் வந்தபோது இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து, கடைநிலை ஊழியர் எழுந்து போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓடுது, விடுங்க" என்றார் நீதிபதி.

அண்ணி, அந்த மௌனம் முழுக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். யாரோ செருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்தது. லிஃப்ட்காரர் கூண்டுக்குள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி அதே கேள்வி வந்தது. மறுபடி. ஒரு கட்டத்தில் அரசு வக்கீல், "போதுமே, நேரம் ஆகுது" என்றார். "அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பார்" என்றார் நீதிபதி. பெஞ்சு முழுக்கச் சிரித்துவிட்டது. அரசு வக்கீல்கூட.

பழைய பிரதியை வழக்கிலிருந்து நீக்கினார். முதலாளியை மறுபடி விசாரிக்க உத்தரவு. லிஃப்ட்காரருக்கு அன்றே ஜாமீன். வாசலில் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்றார். அவர் வானத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம். "ம், போலாம்" என்றார்.

நான் சொன்ன மெஷின் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். போர்வை வந்தது. நிறம் கண்றாவி. அண்ணனிடம் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பதவி என்ன ஆயிற்று? கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் அந்தக் கத்திரியைப் பற்றி நானே பத்திரிகைக்கு எழுதுகிறேன். அந்த ஆபீஸே அழுகிப்போன ஆபீஸ். நல்லவேளை என் கை அதில் படவில்லை.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 13

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் சத்தமாகப் படித்தார், இயந்திரத்தைத் தட்டிய இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தார். நீ இல்லாமல் இந்த வீட்டில் இவ்வளவு சிரித்ததில்லை.

பதவி கத்திரியின் மச்சானுக்குப் போயிற்று. அவருக்கு ஹெட்போன் எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாது. எனக்கு வருத்தமில்லை, நம்பு. அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. நீதிபதி எங்கள் பதிவகத்துக்கு ஒரு உத்தரவு அனுப்பியிருக்கிறார்: சுருக்க வடிவத்தில் போன பிரதிகளில், அவற்றால் இன்னும் உள்ளே இருப்பவர்களுடையதை எல்லாம் மறுபடி கேட்க வேண்டும். அந்த வேலையை எனக்குத் தண்டனையாகக் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்துப் பதிவு அறை, ஒரு மேஜை, ஒரு நல்ல விளக்கு. யாரும் வந்து தொந்தரவு செய்வதில்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை.

உன் ஆய்வகத்து முறையைத்தான் வைத்திருக்கிறேன். காகிதம் உறைக்குள், காது முதலில். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இன்னொரு அறையில் கேட்கிறாள். நேற்று இருவரும் ஒரு பதிவை முடித்தோம். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். நகை காணாமல் போன வழக்கு. அவளும் ஒரே கேள்விக்கு மணிக்கணக்கில் இல்லை என்கிறாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை என்று கெஞ்சுகிறாள். கடைசியில் ஆமாம் என்கிறாள். எழுதி முடித்து உறையைப் பிரித்தேன். ஒரே பக்கம். கேள்வி, பதில், சுத்தமாக, ஒரு சொல் தப்பில்லாமல்.

அடியில் இருந்தது உன் கையெழுத்து.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் பிரிக்கவில்லை. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, அப்படி நினைத்தால் அது உன் இஷ்டம். அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள். உன் பக்கத்தை நான் திருத்த முடியாது. கையெழுத்துப் போட்டவர்தான் திருத்தம் கொடுக்க வேண்டும், இது நீயே எனக்கு எழுதிய விதி.

பத்திரிகைக்கு அப்புறம் எழுதலாம். முதலில் வந்து கேள். என்றைக்கு வருகிறாய்?

உன் அண்ணி


மே 2

வாயாடி,

பதில் இல்லை. உன் அண்ணன் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்டி பழுது என்கிறார். பெட்டிக்கு ஒன்றும் இல்லை.

உனக்கென்று இன்னொரு நாற்காலியும் ஒரு ஹெட்போனும் வாங்கிப் போட்டாயிற்று. அந்தப் பெண்ணின் மனு ஜூன் முதல் வாரம் வருகிறது. குழந்தை இப்போது அவள் தங்கை வீட்டில் இருக்கிறது.

மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. எந்த ரயில், எந்தத் தேதி, அதை மட்டும் எழுது.

அண்ணி